வீடு கட்ட பர்மிட் வாங்கப் போறீங்களா? ஹால், கிச்சன் படம் போடறதுக்கு முன்னாடி இத படிச்சிருங்க

வீடு கட்டணும்னு முடிவு பண்ண உடனே எல்லாரும் மொதல்ல பண்ற வேல ஒரு பேப்பர எடுத்து ஹால் எங்க, கிச்சன் எங்க, பெட்ரூம் எத்தனன்னு கட்டம் போடறது தான். நானும் அப்படித்தான் ஆரம்பிச்சேன். ரெண்டு மாசம் படம் போட்டு, அதுக்கு மேல ஒரு மாசம் வீட்ல சண்ட போட்டு, எல்லாருக்கும் புடிச்ச மாதிரி ஒண்ணு ரெடியானப்போ தான் தெரிஞ்சுது, அந்த மனையில அத கட்டவே முடியாதுன்னு. பக்கவாட்டுல எவ்ளோ காலி எடம் விடணும்னு நான் யாரையும் கேக்கவே இல்ல. சரின்னு மறுபடி வரஞ்சு ஃபைல் உள்ள போச்சு, அதுவும் திரும்பி வந்துச்சு. இந்த தடவ காரணம் என்னன்னா பத்திரத்துல முன்பக்க அகலம் 12.2 மீட்டர், டிராயிங்ல 12 மீட்டர், நேர்ல டேப் புடிச்சு அளந்தா 11.9. வெறும் 30 சென்டிமீட்டர் தான, இதுக்கா திருப்பி அனுப்புவாங்கன்னு எனக்கு அன்னிக்கு செம கடுப்பு.

அப்புறம் யோசிச்சா அவங்க மேல தப்பே இல்ல. உள்ள உக்காந்து ஃபைல் பாக்கறவருக்கு உங்க வீடு கண்ணுலயே தெரியாது, பேப்பர் மட்டும் தான் தெரியும். ஒரு பேப்பர் சொல்றத இன்னொரு பேப்பரும் சொல்லுதா, ரெண்டும் சேந்து விதிக்குள்ள அடங்குதா, அவ்ளோதான் அவர் பாக்குறது. பேரு, அளவு, எல்லை, சர்வே நம்பர் இந்த நாலும் எல்லா பேப்பர்லயும் ஒரே மாதிரி இருந்துட்டா பாதி வேல முடிஞ்ச மாதிரி. நான் கீழ சொல்றது எல்லாமே சுத்தி சுத்தி இங்க தான் வந்து நிக்கும்.

முதல்ல ஒரு குழப்பத்த தீத்துருவோம். பர்மிட்னா ஒரே ஒரு பேப்பர்னு நெறைய பேர் நெனைக்கிறாங்க. அப்படி கெடையாது. இந்த எடத்துல வீடு வரலாமா, எவ்ளோ பெருசு, எவ்ளோ உயரம்ங்கறது ஒரு கேள்வி. அந்த வீடு இடியாம, தீப்புடிக்காம, காத்தோட்டமா, கழிவு ஒழுங்கா வெளிய போற மாதிரி கட்டப்படுதாங்கறது வேற கேள்வி. இங்கிலாந்துல இந்த ரெண்டும் தனித்தனி அனுமதி, பிளானிங் பெர்மிஷன் கெடச்சிருச்சுன்னு சந்தோஷமா அஸ்திவாரம் தோண்ட ஆரம்பிச்சவங்க பில்டிங் ரெகுலேஷன் அப்ரூவல் இல்லாம மாட்டிக்கிட்டு முழிக்கிறது உண்டு. சில ஊர்ல ரெண்டும் ஒரே விண்ணப்பத்துல வந்துரும். இது போக தண்ணி, கரண்ட், டிரெய்னேஜ் கனெக்‌ஷன், ரோட்டுல இருந்து வண்டி உள்ள வர்ற வழி, மரம் வெட்டறது, பழைய கட்டடத்த இடிக்கறதுன்னு ஒவ்வொண்ணுக்கும் தனியா அனுமதி இருக்கலாம். அதனால மொத வேல, உங்க எடத்துக்கு எந்தெந்த அனுமதி, யார்கிட்ட, எது முன்னாடி எது பின்னாடின்னு ஒரு பக்கத்துல எழுதிக்கிறது. வரிசை ரொம்ப முக்கியம், ஏன்னா ஒண்ணு இல்லாம இன்னொண்ண வாங்கவே மாட்டாங்க.

இப்போ மனைக்கு வருவோம், இங்க தான் நெறைய ஃபைல் விழுது, அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

பத்திரத்துல இருக்கற பேரும் உங்க அடையாள அட்டையில இருக்கற பேரும் எழுத்து பிசகாம ஒண்ணா இருக்கான்னு பாருங்க. இனிஷியல் முன்னாடியா பின்னாடியாங்கறது கூட சில எடத்துல கேள்வி ஆயிரும். சொத்து ரெண்டு பேர் பேர்ல இருந்தா ரெண்டு பேரும் கையெழுத்து போடணும், ஒருத்தர் வெளிநாட்டுல இருந்தா அதுக்கான அதிகார பத்திரத்த இப்பவே ரெடி பண்ணுங்க, கடைசி நேரத்துல அது ஒண்ணுக்காகவே மாசக்கணக்குல நிக்கும். அடமானம், கோர்ட் கேஸ், பாகப்பிரிவினை பாக்கின்னு வில்லங்கம் ஏதாவது இருந்தா அத முடிச்சிட்டு தான் பர்மிட் பக்கமே போகணும்.

அடுத்தது, அந்த மனை சட்டப்படி ஒரு தனி மனையா? பெரிய நெலத்த யாரோ துண்டு போட்டு வித்திருப்பாங்க, அந்த பிரிவுக்கு அனுமதி வாங்கியிருக்கவே மாட்டாங்க. பத்திரம் பதிவாகியிருக்குங்கறதால மட்டும் அதுல வீடு கட்டலாம்னு அர்த்தம் இல்ல. நெலத்தோட வகையும் அப்படித்தான், விவசாயத்துக்கோ தொழிலுக்கோ ஒதுக்குன எடம்னா முதல்ல வகைய மாத்தணும், அது வீட்டு பர்மிட்ட விட நீளமான வேல. அப்புறம் ரோடு. கண்ணுக்கு முன்னாடி ரோடு இருக்கலாம், ஆனா அது பொது ரோடா, இல்ல பக்கத்து ஆள் நெலத்து வழியா போற பாதையான்னு ரெக்கார்ட்ல பாக்கணும். பாதைன்னா அதுக்கு எழுத்துல உரிமை வேணும்.

இதோட, வெறும் கண்ணால பாத்தா தெரியாத சில விஷயம் இருக்கு. எதிர்காலத்துல ரோட்ட அகலப்படுத்த ஒரு கோடு போட்டு வெச்சிருப்பாங்க, அது உங்க மனைக்குள்ள வந்தா அந்த கோட்டுல இருந்து தான் காலி எடத்த அளக்க ஆரம்பிப்பாங்க. மேல போற ஹை டென்ஷன் லைன், கீழ போற குடிநீர் மெயின் இல்லன்னா கேஸ் பைப், ஆத்தோட வெள்ள எல்லை, கடற்கரையில இருந்து தூரம், ஏர்போர்ட் பக்கத்துல இருந்தா உயர கட்டுப்பாடு, பழங்கால கட்டடம் பக்கத்துல இருந்தா அதுக்குன்னு தனி அனுமதி. இதெல்லாம் மனை வாங்கறதுக்கு முன்னாடியே பாத்திருக்கணும், வாங்கிட்டீங்கன்னா பரவால்ல, இப்பவாவது பாருங்க.

லைசென்ஸ் இருக்கற ஒரு சர்வேயர வெச்சு நாலு மூலையும் அளந்து கல்லு நட்டுருங்க. பழைய பத்திரத்து அளவும் இன்னிக்கு அளந்ததும் வேறயா இருந்தா, டிராயிங் போடறதுக்கு முன்னாடியே அத சரி பண்ணிருங்க. நான் இத பண்ணியிருந்தா எனக்கு ஒரு சுத்து மிச்சம் ஆயிருக்கும். திருத்த பத்திரம் போடறதா, எது கம்மியோ அத வெச்சு டிராயிங் போடறதா, ஆபீஸ்ல எத ஒத்துக்குவாங்கன்னு கேட்டுட்டு பண்ணுங்க.

இதெல்லாம் கையில எடுத்துக்கிட்டு அனுமதி குடுக்கற ஆபீஸுக்கு போங்க. டிராயிங் வேணாம். வெறும் மனை விவரம் போதும். பல எடத்துல விண்ணப்பத்துக்கு முன்னாடியே கலந்து பேசறதுக்குன்னு ஒரு ஏற்பாடு இருக்கும், இல்லன்னாலும் ஒரு நாள் போய் நின்னா யாராவது சொல்லுவாங்க. கேக்க வேண்டியது இவ்ளோ தான்: நாலு பக்கமும் எவ்ளோ செட்பேக் (எல்லையில இருந்து விட வேண்டிய காலி எடம்), மனையில எத்தன சதவீதம் மேல கட்டடம் நிக்கலாம், மொத்த கட்டட பரப்பு எவ்ளோ, உயரம் எவ்ளோ, எத்தன கார் நிறுத்த எடம் காட்டணும், மழை தண்ணிய என்ன பண்ணணும், கழிவு தண்ணி எங்க போகணும், யார் யார் கையெழுத்து வேணும். அவங்க வாயால சொல்றத மட்டும் நம்பாதீங்க, எந்த விதியில இருக்குன்னு கேட்டு அந்த பக்கத்த வாங்கிக்கோங்க. அடுத்த வாரம் வேற ஆள் சீட்ல இருப்பார், அவர் வேற சொல்லுவார்.

செட்பேக்னா ஏதோ நம்ம எடத்த புடுங்கறதுக்காக போட்ட விதின்னு நானும் ஒரு காலத்துல திட்டியிருக்கேன். 1915ல நியூயார்க்ல ஈக்விட்டபிள் பில்டிங்னு ஒண்ணு ரோட்டு ஓரத்துல இருந்தே நேரா மேல எழும்பி நின்னுச்சு, பக்கத்துல இருந்தவங்களுக்கு வெளிச்சமே போச்சு, அந்த கோவமும் சேந்து தான் 1916ல அந்த ஊர் முழுக்க மண்டலம் பிரிச்சு உயரத்துக்கும் செட்பேக்குக்கும் விதி வந்துச்சு. அதுக்கும் முன்னாடி, 1666ல லண்டன் எரிஞ்ச பிறகு மறு வருஷமே செங்கல்லோ கருங்கல்லோ வெச்சு தான் வீடு கட்டணும், செவுரு இவ்ளோ தடிமன் இருக்கணும்னு சட்டம் போட்டாங்க. ஆக நம்மள கடுப்பேத்தற ஒவ்வொரு விதிக்கு பின்னாடியும் எங்கயோ ஒரு தீயோ இருட்டோ இருக்கு. சரி, கணக்குக்கு வருவோம்.

ஒரு உதாரணம் போடறேன், உங்க ஊர் நம்பர போட்டு நீங்களே பாத்துக்கோங்க. மனை 12 மீட்டர் அகலம், 18 மீட்டர் ஆழம். மொத்தம் 216 சதுர மீட்டர். முன்னாடி 3 மீட்டர், பின்னாடி 2 மீட்டர், ரெண்டு பக்கமும் ஒன்றரை ஒன்றரை விடணும்னு வெச்சுக்கோங்க. மிச்சம் 9க்கு 13, அதாவது 117 சதுர மீட்டர். ஆகா தரைத்தளம் 117 வந்துருச்சேன்னு சந்தோஷப்படாதீங்க, மனையில பாதிக்கு மேல கட்டக்கூடாதுன்னு இன்னொரு விதி இருந்தா 108 தான். இப்போ எஃப்.எஸ்.ஐ (எல்லா தளமும் சேத்து மனை பரப்ப போல எத்தன மடங்கு கட்டலாம்ங்கற அளவு) 1.5னு வெச்சா மொத்த பரப்பு 324 வரைக்கும் போகலாம், அதாவது 108ல மூணு தளம் சரியா உக்காரும். ஆனா உயர கட்டுப்பாடு ரெண்டு தளத்துக்கு தான் எடம் குடுக்குதுன்னா 216ஓட நின்னுரும், மிச்ச எஃப்.எஸ்.ஐ கணக்குல இருக்கும், கையில வராது. எப்பவுமே இருக்கற விதிகள்ல எது உங்கள ரொம்ப இறுக்குதோ அது தான் ஜெயிக்கும். பால்கனி, போர்ட்டிகோ, மாடிப்படி ஹெட்ரூம், லிஃப்ட் ரூம் இதெல்லாம் பரப்புல சேருமா சேராதா, சன்ஷேட் செட்பேக்குள்ள எவ்ளோ நீட்டிக்கலாம்னு தனியா கேளுங்க, ஊருக்கு ஊர் இது தான் மாறும், சண்டையும் இங்க தான் வரும்.

எவ்ளோ நீளம், அகலம், உயரத்துக்குள்ள கட்டலாம்ங்கற இந்த பெட்டி கையில வந்த பிறகு தான் ஹால் எங்க கிச்சன் எங்கன்னு ஆரம்பிக்கணும். இப்போ வீட்ல சண்ட போட்டா கூட உபயோகமான சண்டையா இருக்கும்.

அடுத்து ஆள் புடிக்கறது. அனுமதிக்கு போற டிராயிங்ல பெரும்பாலான எடத்துல லைசென்ஸ் உள்ள ஆர்க்கிடெக்ட் இல்லன்னா இன்ஜினியர் கையெழுத்து வேணும், காலம் (தூண்), பீம், அஸ்திவாரத்துக்கு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் தனியா. லைசென்ஸ் இன்னும் உயிரோட இருக்கா, உங்க ஏரியாவுல செல்லுமான்னு பாத்துக்கோங்க, காலாவதியான லைசென்ஸோட போன ஃபைல் அங்கயே நின்னுரும். இன்னொண்ணு, கையெழுத்து மட்டும் போட்டு குடுக்கற ஆளுங்க இருக்காங்க, மனைய கண்ணால பாத்திருக்கவே மாட்டாங்க. அந்த பக்கம் போகாதீங்க. பின்னாடி வெடிப்பு விழுந்தா அவர் ஃபோன எடுக்க மாட்டார். பேசும்போதே தெளிவா எழுதிக்கோங்க, டிராயிங் மட்டுமா, ஃபைல் போட்டு கேள்விக்கு பதில் சொல்றதும் அவர் வேலையா, கட்டும்போது சைட்டுக்கு வந்து பாப்பாரா, முடிஞ்சதும் சான்று குடுப்பாரா.

மண் பரிசோதனைய தள்ளிப்போடாதீங்க. பக்கத்து வீட்ல அஞ்சு அடி தோண்டுனாங்க நமக்கும் அஞ்சு போதும்னு மேஸ்திரி சொல்லுவார், அவர் அனுபவத்துக்கு மரியாத குடுங்க, ஆனா உங்க மனையில பழைய குட்டைய மூடி வெச்சிருந்தா அது அவருக்கும் தெரியாது. மண்ணு எவ்ளோ எடை தாங்கும், தண்ணி மட்டம் எங்க இருக்குன்னு ரிப்போர்ட் வந்தா தான் ஸ்ட்ரக்சுரல் கணக்கே போட முடியும். பொது டிரெய்னேஜ் இல்லாத எடம்னா மண்ணு தண்ணிய எவ்ளோ வேகமா உறிஞ்சுதுன்னு ஒரு டெஸ்ட் கேப்பாங்க, செப்டிக் டேங்க் எங்க வரணும், கெணறு, போர்வெல்லுல இருந்து எவ்ளோ தள்ளி இருக்கணும்னு விதி இருக்கும். சின்ன மனையில இது ஒண்ணே வீட்டோட எடத்த மாத்திரும், அதனால செப்டிக் டேங்க கடைசியா மூலையில எங்கயாவது வெச்சுக்கலாம்னு நெனைக்காதீங்க.

டிராயிங் செட்டுல என்னென்ன இருக்கும்னா மனை எங்க இருக்குன்னு காட்டற வரைபடம், மனைக்குள்ள வீடு எங்க நிக்குதுன்னு காட்டற சைட் பிளான், ஒவ்வொரு தளத்துக்கும் பிளான், குறுக்கு வெட்டு, நாலு பக்க தோற்றம், அப்புறம் ஸ்ட்ரக்சுரல் ஷீட், தண்ணி கழிவு லைன். தள பிளான் பெரும்பாலும் 1:100 அளவுல, அதாவது நேர்ல 1 மீட்டர்னா பேப்பர்ல 1 சென்டிமீட்டர்னு கேப்பாங்க. வடக்கு குறி, ரோடோட அகலம், ரூம் அளவு, ஜன்னல் அளவு, பரப்பு அட்டவணை எல்லாம் இருக்கான்னு நீங்களே ஒரு தடவ உக்காந்து பாருங்க, இன்ஜினியர் பாத்திருப்பாருன்னு விடாதீங்க. கூட்டி பாருங்க. ரூம் அளவு, செவுரு தடிமன் எல்லாம் கூட்டுனா வெளி அளவு வருதா? பரப்பு அட்டவணையில இருக்கறதும் விண்ணப்பத்துல எழுதுனதும் ஒண்ணா? குறுக்கு வெட்டுல மூணு தளம், தோற்றத்துல ரெண்டு தளம்னு போன ஃபைல் எல்லாம் நான் கண்ணால பாத்திருக்கேன், சிரிச்சுட்டு திருப்பி குடுத்தாங்க. ஆன்லைன்ல போடற எடத்துல சில ஊர்ல கம்ப்யூட்டரே டிராயிங்க படிச்சு விதிய சரிபாக்கும், அதுக்கு லேயர் (கம்ப்யூட்டர் டிராயிங்ல செவுரு, கதவுன்னு தனித்தனியா பிரிச்சு வைக்கற அடுக்கு) பேரு, கோட்டு கலரு எல்லாம் அவங்க சொன்ன மாதிரியே இருக்கணும், வீடு சரியா இருந்தும் லேயர் தப்பா இருந்தா ரிஜெக்ட் ஆகும். வயித்தெரிச்சல் தான், ஆனா அப்படித்தான்.

அண்ணே இன்னொரு விஷயம், பக்கத்து வீட்டுக்காரர மறந்துராதீங்க. சில நாட்டுல விண்ணப்பம் போட்ட உடனே ஆபீஸே அக்கம்பக்கத்துக்கு தகவல் சொல்லி ஆட்சேபனை கேக்கும். இங்கிலாந்து, வேல்ஸ்ல 1996ல வந்த பார்ட்டி வால் (பொது செவுரு) சட்டப்படி, பக்கத்து கட்டடத்துல இருந்து 3 மீட்டருக்குள்ள அவங்க அஸ்திவாரத்த விட ஆழமா தோண்டுனா ஒரு மாசம் முன்னாடியே எழுத்துல நோட்டீஸ் குடுக்கணும். உங்க ஊர்ல சட்டம் இல்லன்னாலும் தோண்டறதுக்கு முன்னாடி போய் ஒரு வார்த்த சொல்லுங்க, அவங்க செவுத்துல ஏற்கனவே இருக்கற விரிசல அவங்கள பக்கத்துல வெச்சுக்கிட்டே தேதியோட ஃபோட்டோ எடுத்து வெச்சுக்கோங்க. பின்னாடி இதெல்லாம் உன்னால தான் வந்துச்சுன்னு பஞ்சாயத்து வந்தா அந்த ஃபோட்டோ தான் பேசும்.

ஃபைல் போட்டாச்சு, நம்பர் குடுத்துட்டாங்க. அந்த நம்பர், போட்ட தேதி, குடுத்த பேப்பரோட லிஸ்ட், கட்டண ரசீது எல்லாத்தயும் ஃபோட்டோ எடுத்து வைங்க. முடிவு சொல்ல காலக்கெடு இருக்கும், அது பேப்பர் முழுசா இருக்குன்னு அவங்க ஒத்துக்கிட்ட நாள்ல இருந்து தான் ஓடும், ஒரு பேப்பர் கொறஞ்சா கடிகாரம் நின்னுரும். கேள்வி கேட்டு கடிதம் வந்தா பயப்படாதீங்க, முக்காவாசி ஃபைலுக்கு வரும்னு வெச்சுக்கோங்க. அவங்க 1, 2, 3ன்னு கேட்டிருந்தா நீங்களும் 1, 2, 3ன்னே பதில் எழுதுங்க, எந்த ஷீட்ல எங்க மாத்துனீங்கன்னு குறிச்சு காட்டுங்க, எல்லாத்துக்கும் ஒரே தடவயில குடுங்க. ஒண்ணு குடுத்து ஒண்ணு விட்டா மறுபடி வரிசையில கடைசிக்கு போயிருவீங்க. நிராகரிச்சா காரணத்த எழுத்துல கேளுங்க, மேல்முறையீட்டுக்கு நாள் கணக்கு இருக்கும், அத தவற விடாதீங்க. சீக்கிரம் முடிச்சு தர்றேன்னு தனியா காசு கேக்கற ஆள் ஒருத்தர் எப்பவுமே கதவுக்கு வெளிய நிப்பார், அவர் வாங்கி குடுக்கற சீல் உண்மையான்னு உங்களுக்கு தெரிய வர்றது வங்கி லோனுக்கு போறப்போ தான்.

பர்மிட் கைக்கு வந்துச்சா, உடனே கொத்தனார கூப்பிடாதீங்க, மொதல்ல அத முழுசா படிங்க. பின்பக்கமோ கடைசி பக்கமோ நிபந்தனை இருக்கும். ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி தகவல் சொல்லணும், சைட்ல போர்டு வைக்கணும், மரம் நடணும், ரோட்டுல மணல் கொட்டக்கூடாதுன்னு எதுவேணா இருக்கலாம். செல்லுபடி காலமும் இருக்கும். இங்கிலாந்துல பிளானிங் பெர்மிஷன் சாதாரணமா 3 வருஷம், அதுக்குள்ள வேலைய ஆரம்பிச்சிருக்கணும். அமெரிக்காவுல பல ஊர் பின்பத்தற இன்டர்நேஷனல் ரெசிடென்ஷியல் கோட் கணக்குல 180 நாள் தான், ஆரம்பிச்சு நடுவுல 180 நாள் நிறுத்தி வெச்சாலும் பர்மிட் போயிரும். காசு ரெடியாகாம அவசரப்பட்டு பர்மிட் வாங்கறவங்க இங்க தான் அடி வாங்கறாங்க, நீட்டிப்பு வேணும்னா முடியறதுக்கு முன்னாடியே கேக்கணும்.

கட்டும்போது இன்ஸ்பெக்‌ஷன் வர்ற ஊர்ல இருந்தா ஒரே ஒரு விதி ஞாபகம் வெச்சுக்கோங்க, மூடுறதுக்கு முன்னாடி காட்டணும். ஃபுட்டிங் (அஸ்திவாரம்) குழிய காங்கிரீட் போடறதுக்கு முன்னாடி, ஸ்லாப் கம்பிய காங்கிரீட் ஊத்தறதுக்கு முன்னாடி, செவுத்துக்குள்ள போற பைப், வயர பூசறதுக்கு முன்னாடி. மூடிட்டா ஒடச்சு காட்டுன்னு சொல்லுவாங்க, சொல்லியும் இருக்காங்க. ரெடி மிக்ஸ் லாரிக்கு தேதி குடுக்கறதுக்கு முன்னாடி இன்ஸ்பெக்டர் தேதிய வாங்கிக்கோங்க. இன்ஸ்பெக்‌ஷனே இல்லாத ஊரா இருந்தாலும் இதே மூணு எடத்துல உங்க இன்ஜினியர வர சொல்லுங்க, ஃபோட்டோ எடுங்க.

நடுவுல மாத்தணும்னு ஆச வரும், கண்டிப்பா வரும். உள்ள ஒரு கதவ இந்த பக்கம் தள்றதுக்கும் பால்கனிய ஒரு மீட்டர் இழுக்கறதுக்கும் நெறைய வித்தியாசம் இருக்கு. வெளி அளவு, உயரம், தளத்தோட எண்ணிக்கை, தூண் இருக்கற எடம், உபயோகம் இதுல எது மாறினாலும் திருத்துன பிளான் குடுத்து அனுமதி வாங்கிட்டு தான் கட்டணும். எல்லாரும் இப்படித்தான் கட்டறாங்க, பின்னாடி பாத்துக்கலாம்னு மேஸ்திரியே சொல்லுவார். வேலைய நிறுத்துன்னு நோட்டீஸ் ஒட்டுனா அவர் அடுத்த சைட்டுக்கு போயிருவார், சென்ட்ரிங் (காங்கிரீட்டுக்கு முட்டு குடுக்கற பலகை, கம்பு) வாடகை உங்க தலையில ஓடும்.

கடைசியா, வீடு முடிஞ்சு பெயின்ட் அடிச்சு குடி போயிட்டா வேல முடிஞ்சதுன்னு நெனைக்கிறாங்க பாருங்க, அங்க ஒரு பேப்பர் பாக்கி இருக்கு. கட்டி முடிச்ச சான்று, சில ஊர்ல குடியேற அனுமதி. அனுமதிச்ச பிளானும் கட்டுன வீடும் ஒண்ணான்னு வந்து அளந்து பாத்து குடுக்கறது. பல எடத்துல நிரந்தர கரண்ட், தண்ணி கனெக்‌ஷனுக்கு இத கேப்பாங்க, லோனோட கடைசி தவணைக்கு பேங்க்ல கேப்பாங்க, விக்கப் போனா வாங்க வர்றவரோட வக்கீல் கண்டிப்பா கேப்பார். கட்டி முடிச்சு பத்து வருஷம் கழிச்சு போய் கேட்டா அந்த இன்ஜினியர் எங்க இருக்காரோ, அந்த விதியே மாறியிருக்குமோ. அதனால பந்தல் பிரிக்கறதுக்கு முன்னாடியே விண்ணப்பம் போட்டுருங்க, அளக்க வர்றவங்க கையில அனுமதிச்ச பிளானோட ஒரு காப்பி குடுங்க, சீல் போட்ட ஒரிஜினல மட்டும் யார் கேட்டாலும் கையில குடுத்துராதீங்க, நகல் தான்.